பாடியது, அதனால் ஆண்!

முதலில் ஒரு சின்ன க்விஸ். காகம், குயில், இந்த இரண்டில் எது பாட்டுப் பறவை?

குயில் என்று சொன்னவர்கள் எல்லாம் பெஞ்சு மேல் ஏறுங்கள் :-) விலங்கியல் கணக்கில் காகம்தான் பாட்டுப் பறவை. குயில் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

பாட்டுப் பறவை என்பது குரல் இனிமையைப் பார்த்துக் கொடுக்கிற பட்டம் இல்லை. அது ஒரு பரம்பரையின் பெயர். உலகில் உள்ள பறவை இனங்களில் கிட்டத்தட்டப் பாதி, அதாவது சுமார் 5000 இனங்கள், இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. காகம், மைனா, சிட்டுக்குருவி, தேன்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் இதில் அடக்கம். பறவைகளின் குரல்பெட்டி நம்முடையதைப் போலத் தொண்டையில் இருப்பதில்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. பாட்டுப் பறவைகளுக்கு அதை இயக்க நுணுக்கமான பல தசைகள் உண்டு. அதைவிட முக்கியம், இவை தங்கள் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. குழந்தை மழலையில் ஆரம்பித்துப் பேச்சுக்கு வருவதுபோல, குஞ்சுகளும் முதலில் உளறிக்கொட்டிப் பிறகு தேறுகின்றன. குயிலுக்கு இந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்ந்தாலும், பெரிதானதும் 'கூ...ஊ' என்றுதான் கூவும். அது பிறவிக் குரல்.

இரண்டாவது கேள்வி. கூவுகிற குயில் ஆணா, பெண்ணா?

நம் சினிமாப் பாட்டுகளை நம்பினால் பெண்தான். நன்றாகப் பாடுகிற பெண்ணைப் பார்த்தால் 'குயில்' என்பதுதான் வழக்கம். ஆனால் மரத்தில் உட்கார்ந்து கூவுவது கருகரு உடம்பும் சிவப்புக் கண்ணும் கொண்ட ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் 'கிக் கிக்' என்று ஒரு கத்தல், அவ்வளவே.

ஆக, பாடுகிற ஆணை நாம் பெண்ணாக்கினோம். அறிவியல் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தது. பாடிய பெண் பறவைகளைக் கொண்டுபோய் ஆண் கணக்கில் எழுதியது. அதுவும் நூறு வருஷத்துக்கும் மேலாக. இந்தக் கதை நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

'ஆண் பறவைகள்தான் பாடும். பெண்ணைக் கவரவும், மற்ற ஆண்களை விரட்டவும் பாடும்.' பள்ளிப் புத்தகத்திலிருந்து டிவி டாக்குமெண்டரி வரை இந்த இரண்டு வரிகளைக் கேட்காதவர்கள் குறைவு. இதன் வேர் சார்லஸ் டார்வினிடம் இருக்கிறது. 1871-இல் வெளியான நூலில் அவர் பாலினத் தேர்வு என்ற கருத்தை விரிவாக எழுதினார். மயிலுக்குத் தோகை எப்படியோ, குருவிக்குப் பாட்டு அப்படி. ஆண் காட்டும், பெண் தேர்ந்தெடுக்கும். தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடக்க நடக்க, தோகை நீளும், பாட்டு வளரும். அழகான, வலுவான கருத்து. இன்றைக்கும் அது செத்துப்போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சில பெண் பறவைகள் பாடுவது டார்வினுக்கே தெரியும். கேனரி, ராபின் போன்றவற்றின் பெண்கள், குறிப்பாகத் துணையை இழந்தவை, பாடுவதுண்டு என்று அதே நூலில் குறிப்பிடுகிறார். கூண்டில் அடைத்து அதிகமாகத் தீனி போட்டால் உடம்பின் இயல்பு கெடும், அதனாலும் இருக்கலாம் என்று ஒரு விளக்கத்தையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெண்ணின் பாட்டு விதிவிலக்கு என்ற பெட்டிக்குள் போனது அங்கேதான்.

பிறகு வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1950-களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப், ஒலியைப் படமாக வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரோகிராஃப் கருவியை வைத்துக்கொண்டு, சாஃபிஞ்ச் குருவிகள் பாட்டைக் கற்றுக்கொள்வதை நிரூபித்தார். 1976-இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நாட்டபோம், ஆர்தர் ஆர்னால்ட் இருவரும் இன்னொரு பெரிய விஷயத்தைக் காட்டினார்கள். கேனரி, ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகளின் மூளையில் பாட்டை ஆளும் பகுதிகள் ஆணுக்குப் பெண்ணைவிடப் பல மடங்கு பெரியவை. முதுகெலும்புள்ள விலங்குகளின் மூளையில் ஆண் பெண் வித்தியாசம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது அதுவரை இல்லை. அன்றிலிருந்து ஜீப்ரா ஃபிஞ்ச் இந்தத் துறையின் செல்லப்பிள்ளை. சின்னக் கூண்டில் சமர்த்தாக இருக்கும், வேகமாகப் பெருகும், நன்றாகக் கற்கும். ஆனால் அதில் பெண் பாடாது.

இந்த ஆய்வுகளில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஜீப்ரா ஃபிஞ்ச் பெண் பாடுவதில்லை, சரி. வசந்த காலத்து இங்கிலாந்தில் விடியற்காலையில் கேட்கும் பாட்டில் பெரும்பாலானது ஆண்களுடையது, அதுவும் சரி. தப்பு அடுத்த அடியில்தான். 'நான் பார்த்த குருவிகள்' என்பது சத்தமில்லாமல் 'குருவிகள்' என்று மாறிவிட்டது.

பார்த்தவர்கள் எங்கே இருந்தார்கள்? பல்கலைக்கழகமும் பணமும் இருந்த ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும். அங்கே குளிர் வந்தால் பல பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். வசந்தத்தில் திரும்பி வந்து, கிடைத்த சில மாதங்களுக்குள் இடம் பிடித்து, ஜோடி சேர்ந்து, குஞ்சு பொரித்தாக வேண்டும். வெப்ப மண்டலத்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்க்கை வேறு மாதிரி. அங்கே பல இனங்களில் ஆணும் பெண்ணும் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் குடியிருந்து, சேர்ந்தே எல்லையைக் காக்கின்றன. பெண்ணும் பாடுகிறது. பல இனங்களில் இரண்டும் ஜோடியாகப் பாடுகின்றன.

இதற்கு மேல் ஒரு திருப்பம். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு, பாட்டுப் பறவைப் பரம்பரை தோன்றியதே ஆஸ்திரேலியப் பகுதியில்தான் என்று தெரியவந்தது. அங்கிருந்துதான் ஆசியா வழியாக உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதாவது ஐரோப்பியர்கள் தங்கள் தோட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, ரொம்ப தூரம் தள்ளி வந்து கிளைத்த ஒரு கிளையை. அதை மூலம் என்று நினைத்துவிட்டார்கள்.

2014-இல் காரன் ஓடம் தலைமையில் ஐந்து ஆய்வாளர்கள் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண் பாடுமா பாடாதா என்று தகவல் கிடைத்த 323 இனங்களை எடுத்துக்கொண்டார்கள். 71 சதவீதத்தில் பெண் பாடுகிறது! 32 குடும்பங்களில் இது பரவியிருக்கிறது. பிறகு பரம்பரை மரத்தில் பின்னோக்கிப் போய்க் கணக்குப் போட்டார்கள். இன்றைய பாட்டுப் பறவைகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை இனத்தில் பெண்ணும் பாடியிருக்கிறது என்று விடை வந்தது.

இது வெறும் புள்ளிவிவரத் திருத்தம் இல்லை. கேள்வியே தலைகீழாகிவிட்டது. ஒரு வீட்டில் கொள்ளுப்பாட்டி, பாட்டி, அத்தை எல்லாரும் நன்றாகப் பாடுவார்கள். ஒரு பேத்தி மட்டும் பாடுவதில்லை. அந்தப் பேத்தியை மட்டும் பார்த்துவிட்டு, 'இந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பாட்டு வராது, ஆண்களுக்கு எப்படி வந்தது?' என்று நூறு வருஷம் ஆராய்ச்சி செய்தால் எப்படி இருக்கும்? கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பேத்தி ஏன் நிறுத்தினாள் என்பதுதானே!

கேள்வி மாறினால் கண்ணில் படுவதும் மாறும். சில உதாரணங்கள் சொல்கிறேன்.

ஐரோப்பிய மலை உச்சிகளில் வாழும் ஆல்பைன் ஆக்சென்டர் என்ற குருவியில் பெண் பாடினால் ஆண் தேடி வருகிறது. நவோமி லாங்மோரும் சக ஆய்வாளர்களும் 1996-இல் இதைக் காட்டினார்கள். 'ஆண் காட்டும், பெண் தேர்ந்தெடுக்கும்' என்ற கதையின் மறுபக்கம் இது.

ஈக்வடார் நாட்டு மலைச்சரிவு மூங்கில் புதர்களில் ஒரு ரென் குருவி இருக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி இவ்வளவு கச்சிதமாகப் பாடும் என்றால், கேட்பவருக்கு ஒரே பறவை பாடுவதாகத்தான் தோன்றும். 2011-இல் இவற்றின் மூளைச் செல்களை ஆராய்ந்தபோது, தன் பங்கை மட்டும் கேட்பதைவிட, இருவரும் சேர்ந்து பாடிய முழுப் பாட்டைக் கேட்கும்போது செல்கள் அதிகமாகத் துடித்தன. தனியாகப் பாடும் ஆணையே பார்த்துக்கொண்டிருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரிரென். இதன் பெண் அடைகாக்கும்போதே முட்டைக்கு ஒரு ஒலியைச் சொல்லிக் கொடுக்கிறது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு அதைக் கற்றுக்கொண்டு, பொரிந்த பிறகு அதே ஒலியைத் தன் பசிக் குரலில் கலந்து கேட்கிறது. ஒரு வகை பாஸ்வேர்டு! முட்டைகளை வேறு கூட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது, குஞ்சுகளின் குரல் வளர்ப்புத் தாயின் ஒலியோடு ஒத்துப்போனது. ஆக, இது பிறவியில் வந்தது இல்லை, கற்றது. அந்த ஊர்க் குயில் வகை ஒன்று இந்தக் கூட்டில்தான் முட்டையைத் திருட்டுத்தனமாக வைக்கும். பாஸ்வேர்டு தெரியாத குஞ்சைக் கண்டுபிடிக்க இது உதவுகிறது. 2012-இல் வெளிவந்த ஆய்வு இது. (நம் ஊர்க் காக்கைக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள் :-) அபிமன்யு கதையெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதா?

பாட்டுக்கு விலையும் உண்டு. இதே ஃபேரிரென் பெண், கூட்டில் உட்கார்ந்தபடி ஆணின் பாட்டுக்குப் பதில் பாடும். அதிகமாகப் பதில் பாடிய கூடுகள் எதிரிகளிடம் அதிகமாகச் சிக்கின என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. சில இனங்களில் பேத்தி ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்பதற்கு இது ஒரு தடயமாக இருக்கலாம்.

இப்போது கேள்வி இதுதான். இவ்வளவு நாள் இதை யாருமே கேட்கவில்லையா?

கேட்டார்கள். அதுதான் விஷயம். 1930-களில் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் டேவிட் லாக் என்ற பள்ளி ஆசிரியர், ராபின் குருவிகளின் காலில் வண்ண வளையம் மாட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனித்தார். இலையுதிர் காலத்தில் பெண் ராபின் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆணைப் போலவே பாடி அதைக் காப்பதைப் பதிவு செய்தார். 1943-இல் அவர் புத்தகம் வந்தது, புகழும் பெற்றது. ஆனாலும் 'ஆண்தான் பாடும்' என்ற வரி அசையவில்லை. ராபின் ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான்.

லாக் அதைக் கண்டுபிடிக்கக் காரணம் அந்த வளையம். ராபினில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி. வளையம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? நம் ஊர்க் கொண்டைக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஆண் பெண் வித்தியாசம் பார்வைக்குத் தெரியாது. மைனாவும் அப்படித்தான். ஒரு கொண்டைக்குருவி கம்பியில் உட்கார்ந்து பாடுகிறது. நோட்டுப் புத்தகத்தில் ஆண் என்று எழுதுகிறோம். ஏன் ஆண்? பாடியதே! ஆண் பறவைதான் பாடும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதோ நோட்டுப் புத்தகத்தில் பாடிய பறவை எல்லாம் ஆண்!

வட்டம் முடிந்தது. இந்த வட்டத்துக்குள் எத்தனை ஆயிரம் குறிப்புகளைச் சேர்த்தாலும் உண்மை வெளியே வராது. தகவல் கூடக் கூடத் தப்பு இன்னும் உறுதியாகும். எனக்கு இந்தக் கதையில் பயமாக இருப்பது இந்த இடம்தான். பொய் சொன்னவர் யாரும் இல்லை, சோம்பேறி யாரும் இல்லை. ஆனாலும் தப்பு நூறு வருஷம் நின்றது.

நன்றாக ஆராயப்பட்ட பறவைகளும் தப்பவில்லை. தகைவிலான் குருவி குளிர்காலத்தில் நம் ஊருக்கும் வரும், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். உலகிலேயே அதிகமாக ஆராயப்பட்ட பறவைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் பெண்ணின் பாட்டை முறையாக அலசிய ஓர் ஆய்வு 2020-இல்தான் வந்தது.

அதே 2020-இல் இன்னொரு சுவாரஸ்யமான கணக்கு வெளிவந்தது. முந்தைய 20 ஆண்டுகளில் பறவைப் பாட்டு பற்றி வந்த கட்டுரைகளில் முதல் ஆசிரியர் பெண்ணாக இருந்தது 44 சதவீதம். பெண் பறவையின் பாட்டு பற்றிய கட்டுரைகளை மட்டும் எடுத்தால் 68 சதவீதம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு நண்பர் எழுந்து, 'அறிவியலில் ஏன் பெண்ணியத்தைக் கொண்டு வருகிறீர்கள்? உண்மையை யார் கண்டுபிடித்தாலும் உண்மைதானே?' என்பார். நியாயமான கேள்வி. என் பதில் இது. உண்மை யார் கண்டுபிடித்தாலும் ஒன்றுதான். ஆனால் எந்த உண்மையைத் தேடிப் போவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குக் காது கூர்மை என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வளையம் மாட்டிக் கண்டுபிடித்த லாக் ஆண்தான். 2014 கட்டுரையை எழுதிய ஐவரில் ஆணும் உண்டு. ஆனால் 'விதிவிலக்கு' என்று ஓரமாக வைத்த பெட்டியைப் பார்த்து, 'இதை ஏன் யாரும் திறக்கவில்லை?' என்று கேட்க, வேறு இடத்திலிருந்து வந்த ஆள் தேவைப்படுகிறது. அந்த வேறு இடம் பாலினமாக இருக்கலாம், நாடாக இருக்கலாம். ஒரே மாதிரி ஆட்கள் பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்துப் பேருக்கும் ஒரே இடத்தில்தான் கண் மறைக்கும்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. 71 சதவீதம் என்பது தகவல் கிடைத்த 323 இனங்களில்தான், 5000 இனங்களிலும் இல்லை. பெண் பாடுவது அபூர்வம் என்று நினைத்து அதை மட்டும் குறித்து வைத்திருந்தால், எண் கொஞ்சம் உயர்ந்துகூட இருக்கலாம். இதை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு எண் மாறலாம். ஆனால் அது பாதியாகக் குறைந்தாலும், 'ஆண்தான் பாடும்' என்ற வரி பிழைக்காது. மூன்றில் ஒரு பங்கை விதிவிலக்கு என்று யாராவது சொல்வார்களா?

சரி, குருவி ஆணாகப் பாடினால் என்ன, பெண்ணாகப் பாடினால் என்ன, நமக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். காட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கும்போது பல இடங்களில் குரலை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். பாடும் பறவை ஒன்று என்றால் ஆண் ஒன்று, அதோடு ஒரு ஜோடி என்று கணக்கு. இரண்டும் பாடும் இனமாக இருந்தால் ஒரு ஜோடி இரண்டு ஜோடியாகிவிடும். அழிந்துகொண்டிருக்கும் ஓர் இனம் காகிதத்தில் செழிப்பாக இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அதனால் எனக்குத் தோன்றுவது இரண்டு விஷயம். ஒன்று, 'ஆண் பறவைதான் பாடும்' என்ற வரியைப் பாடப்புத்தகங்கள் திருத்த வேண்டும். 'பல இனங்களில் இரண்டும் பாடும், சிலவற்றில் பெண் பாடுவதை நிறுத்திவிட்டது' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதுகிற பிள்ளை, கூடவே ஒரு நல்ல சந்தேகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகும்.

இரண்டாவது, இது நம்மால் செய்ய முடிகிற வேலை. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பெண் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து அனுப்புங்கள் என்று ஆய்வாளர்களே பொதுமக்களைக் கேட்டிருக்கிறார்கள். வெப்ப மண்டலத்தில், இத்தனை பாட்டுப் பறவைகளுக்கு நடுவில் குடியிருக்கிறோம். தேன்சிட்டு, கருஞ்சிட்டு போன்றவற்றில் ஆண் பெண் நிறமே வேறு, பார்த்தாலே தெரியும். கையில் இருக்கும் செல்போனே ஒலிப்பதிவுக் கருவி. பாடியது எது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள். பார்க்க முடியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். 'ஆண்' என்று மட்டும் பழக்க தோஷத்தில் எழுதிவிடாதீர்கள்.

அந்த 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லை அப்போதே நேர்மையாக எழுதியிருந்தால், அந்த வட்டம் எப்போதோ உடைந்திருக்கும். பறவைகளுக்கு மட்டும் இல்லை, எந்தத் துறைக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் படிக்கிற பாடத்தில் இந்த மாதிரி 'பாடியது, அதனால் ஆண்' கணக்கு ஏதாவது ஒளிந்திருக்கிறதா? யோசித்துப் பாருங்கள் மக்களே.